புதுச்சேரியில் வழி தவறுவது ஏன் கடினம்?

புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் இறங்கி, கிழக்கு நோக்கி ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடந்தால் கடல் வந்துவிடும். விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருபவர்களுக்குத் தொலைவு இன்னும் குறைவு. ரயில் நிலையம் பழைய நகரின் தென் எல்லையான சுப்பையா சாலையிலேயே இருக்கிறது. முதன்முறை வருபவரும் சிறிது நேரத்தில் யாரிடமும் வழி கேட்காமல் இங்கு நடக்கத் தொடங்கிவிடுவதற்குத் தெருக்களின் வடிவமும் நம் மூளை திசையறியும் விதமும் ஒன்றுக்கொன்று இசைந்திருப்பதே காரணம்.

1693 முதல் 1699 வரை இந்நகரம் டச்சுக்காரர் வசம் இருந்தபோது, வீதிகள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் கட்ட அமைப்பு திட்டமிடப்பட்டது. 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். பின்னர் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர் பழைய வீதிக் கோடுகளை ஒட்டியே வீடுகளை மீண்டும் எழுப்பினர். கட்டடங்களைவிடத் தெருவின் கோட்டுக்கு ஆயுள் அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி உண்டு. நாம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது மட்டும் கிளர்ச்சியுறும் இடச் செல்கள் அங்கே இருப்பதை, எலிகளை ஆராய்ந்த ஜான் ஓ'கீஃப் 1971-இல் அறிவித்தார். அதன் அருகிலுள்ள பகுதியில், கடந்த தொலைவையும் திசையையும் கணக்கிட உதவும் கட்டச் செல்களை 2005-இல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இணையர் கண்டறிந்தனர். 2014-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்த உட்கணக்கில் ஒவ்வொரு திருப்பத்திலும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும். அதைத் திருத்த வெளியிலிருந்து ஓர் அடையாளம் தேவை. கடலுக்கு இணையாக ஓடும் துய்மா வீதியின் ஒரு சந்திப்பில் நின்று கிழக்கே பாருங்கள்: இரண்டு மஞ்சள் சுவர்களுக்கு நடுவே, குறுக்குத் தெருவின் முடிவில், நீலக் கீற்றாகக் கடல் தெரியும். அந்த ஒரு பார்வையில் பிழை நீங்கிவிடுகிறது. மேற்கே பெரிய வாய்க்கால் இன்னோர் எல்லை. அதைக் கடந்ததும் பிரெஞ்சுப் பகுதியின் உயர்ந்த மதில்கள் மறைந்து, தாழ்வாரமும் திண்ணையும் தெருவை நோக்கித் திறந்திருக்கும் தமிழர் வீடுகள் தொடங்குகின்றன. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை வீடுகளே சொல்லிவிடும்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. நான்கு கட்டம் வடக்கும் மூன்று கட்டம் கிழக்கும் போக வேண்டுமென்றால், பின்வாங்காமல் செல்வதற்கு 35 வழிகள் இருக்கின்றன. முப்பத்தைந்தும் ஒரே நீளம். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டவர், போக வேண்டிய இடத்தைத் தாண்டிவிடாத வரை, அடுத்த திருப்பத்தில் திரும்பினாலும் கூடுதலாக ஓர் அடிகூட நடப்பதில்லை. ஒரே நெடுஞ்சாலையிலிருந்து கிளை பிரிந்து முட்டுச் சந்துகளில் முடியும் புதுக் குடியிருப்புகளில் இந்த வசதி கிடையாது. அங்கே ஒரு தவறு என்றால் வந்த வழியே திரும்பத்தான் வேண்டும். விருந்தினர் அச்சமின்றி நடக்கக் கூடிய ஊரை உருவாக்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

வெயில் மட்டுமே தடை. ஆனால், வடக்கு தெற்காக ஓடும் வீதிகளில் காலையில் கிழக்கு ஓரமும் பிற்பகலில் மேற்கு ஓரமும் நிழலில் இருக்கும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், கிழக்கு மேற்கு வீதிகளில் தெற்கு ஓரத்தில் நடக்கலாம். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. அதன்மேல் உள்ள காற்று இலேசாகி மேலெழ, குளிர்ந்த கடற்காற்று அந்த இடத்தை நிரப்ப விரைகிறது. கடலை நோக்கித் திறந்திருக்கும் வீதிகள் அதற்கு வாய்க்கால்களாகின்றன. வடக்கு நோக்கி நடப்பவர் ஒவ்வொரு சந்திப்பைக் கடக்கும்போதும் வலக் கன்னத்தில் அந்தக் காற்றை உணர்வார்.

மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வாகனங்கள் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளச் சாலை முழுவதும் நடப்பவர்களுக்கு வந்துவிடும். இரவு ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்ந்து, காற்று மேற்கிலிருந்து கடலுக்குத் திரும்பக்கூடும். அந்நேரத்தில் அறைக்குத் திரும்புபவர் கன்னத்தில் படும் காற்றை விட்டுவிட்டு, அலையோசை வரும் பக்கத்தைக் கிழக்கு எனக் கொள்ளலாம்.