சூயஸ் நடுவே கிடந்த உப்புப் பாளம்

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ரயிலில் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். எதிரே வண்டி வருகிறது என்று ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் நம் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள், முறுக்கு விற்பவர் இரண்டு சுற்று வந்து போவார், எதிர்வண்டி கடந்த பிறகுதான் சிக்னல் விழும். சூயஸ் கால்வாயில் அந்தச் சின்ன ஸ்டேஷன் பெரிய கசப்பு ஏரி. 2015 வரை கால்வாயின் பெரும்பகுதியில் கப்பல்கள் ஒரு திசையில்தான் போக முடிந்தது என்பதால், மத்தியதரைக் கடலிலிருந்து தெற்கே வருபவை இந்த ஏரியில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும், வடக்கே போகும் வரிசை முழுவதும் கடந்து போகும், அப்புறம் இவை கிளம்பும். 2015இல் கூடுதல் தடம் வெட்டிய பிறகு இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது கப்பலைப் பற்றி அல்ல, உப்பைப் பற்றி.

கால்வாய் வெட்டுவதற்கு முன்னால் அங்கே ஏரியே கிடையாது. இருந்தது ஒரு வறண்ட பள்ளம், அதன் அடியில் உப்பு. ஒரு காலத்தில் செங்கடலின் ஒரு கை இதுவரை நீண்டிருந்தது; பின்னர் அது துண்டிக்கப்பட்டு, உள்ளே மாட்டிக்கொண்ட நீரும், அவ்வப்போது கரை தாண்டி வந்த நீரும் வெயிலில் வற்றி வற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக உப்பு படிந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் சில வாரங்களில் நடப்பதுதான், இங்கே யாரும் வாராமல் நூற்றாண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. பாளத்தின் கனம் நடுவில் சுமார் 13 மீட்டர், அதாவது நான்கு மாடி உயரம்.

இந்தப் பள்ளத்தின் அருமை முன்னோருக்கும் தெரிந்திருந்தது. பாரசீக மன்னன் முதலாம் டேரியஸ் நைலையும் செங்கடலையும் இணைத்து வெட்டுவித்த கால்வாய் இந்தப் பக்கமாகத்தான் போனது. அதைப் பறைசாற்றி அவன் நட்ட கல்வெட்டு ஒன்று 1866இல் இந்த ஏரிக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. நெப்போலியனும் ஆசைப்பட்டான். ஆனால் 1799இல் அவனுடைய பொறியாளர்கள் அளந்துவிட்டு, செங்கடல் மத்தியதரைக் கடலைவிட ஏறக்குறைய 10 மீட்டர் உயரம் என்று சொல்லிவிட்டார்கள். தப்புக் கணக்கு! 1847இல் மறுபடி அளந்தபோது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டம் என்று தெரிந்தது. அதனால்தான் பனாமாவில் இருப்பதுபோல கப்பலை ஏற்றி இறக்கும் மதகுகள் எதுவும் சூயஸில் இல்லை. கால்வாயை வெட்டுவித்த பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸின் ஆட்கள் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து, 1869 மார்ச்சில் மத்தியதரைக் கடல் நீரையும் ஆகஸ்டில் செங்கடல் நீரையும் பள்ளத்துக்குள் திறந்துவிட்டார்கள். பெரிய ஏரியும் அதையொட்டிய சின்னதும் சேர்ந்து சுமார் 250 சதுர கிலோமீட்டர். நவம்பர் 17 அன்று கால்வாய் திறந்தாயிற்று.

மட்டம் ஒன்றுதான் என்றாலும் அலையேற்றம் ஒன்றல்ல. சூயஸ் முனையில் கடல் இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்கும், வடக்கு முனையான போர்ட் சயீதில் அரை மீட்டர்தான். அப்படியானால் தெற்கிலிருந்து வரும் ஏற்றம் கால்வாய் முழுக்க ஓடி, கப்பலையெல்லாம் அலைக்கழிக்க வேண்டாமா? தெற்குப் பகுதியில் நீரோட்டம் நிஜமாகவே ஒரு நாளில் பலமுறை திசை மாறுகிறது. ஆனால் ஏரிக்கு வந்ததும் அடங்கிவிடுகிறது. குழாயில் வேகமாக வரும் தண்ணீரை ஒரு பெரிய தாம்பாளத்தில் விட்டுப் பாருங்கள், மட்டம் உயர்வதே தெரியாது. ஏற்றம் சுமார் ஆறு மணி நேரம். அதற்குள் ஒரு குறுகலான வாய்க்கால் கொண்டுவரும் நீர் இவ்வளவு பரப்பில் விரிந்தால் ஒன்றுமில்லாமல் போகும். ஏரிக்கு வடக்கே ஓட்டம் பருவத்தைப் பொறுத்தது: வருடத்தின் பெரும்பகுதி செங்கடல் மட்டம் சற்று உயர்ந்திருப்பதால் வடக்கு நோக்கி, கோடையின் பிற்பகுதியில் மட்டும் தெற்கு நோக்கி.

சரி, உப்புக்கு வருவோம். கடல் நீர் மேலே நின்றதும் அடியில் இருந்த பாளம் கரையத் தொடங்கியது. ஏரி நீர் இரு கடல்களையும்விட மிகவும் கரித்தது. இந்தப் பக்கத்து மீன் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் இந்த உப்புக்கரைசலைத் தாண்ட வேண்டும், பெரும்பாலானவற்றுக்கு அது முடியாத காரியம். யாரும் திட்டமிட்டுக் கட்டாத கதவு! ஆனால் ஒவ்வொரு வருடமும் ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை வெளியே கொண்டுபோனது. 8 மீட்டர் ஆழத்தில் தொடங்கிய கால்வாயை (இன்று 24 மீட்டர்) ஆழப்படுத்த ஆழப்படுத்த இன்னும் அதிக நீர் புகுந்தது. 1960களுக்குள் ஏரியின் உப்பு லிட்டருக்கு 45 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. செங்கடல் மீனுக்கு அது பெரிய விஷயமே இல்லை. வடக்கு வாசலில் இருந்த இன்னொரு தடை நைல் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய நன்னீர். அஸ்வான் உயர் அணை வந்து அதுவும் நின்றுபோனது.

விளைவாக, செங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குக் குடிபெயர்ந்த உயிரினங்கள் நூற்றுக்கணக்கில். எதிர்த்திசையில் போனவை மிகக் குறைவு. ஓட்டம் பெரும்பாலும் வடக்கு நோக்கி என்பது ஒரு காரணம். சூட்டுக்கும் உப்புக்கும் பழகிய செங்கடல்வாசிகளுக்கு அங்கே போட்டி குறைவு என்பது இன்னொன்று. நம்மூர் மீனவர்கள் ஓரா என்று சொல்லும் மீனின் உறவுக்காரர்கள் துருக்கிக் கரையில் பாசியை மேய்ந்து மேய்ந்து பாறைகளை மொட்டையாக்கிவிட்டன. பேத்தை வகையில் ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, வலையையும் கடித்துக் கிழிக்கும். சைப்ரஸில் அதைப் பிடித்துக் கொடுக்கும் மீனவருக்கு அரசே பணம் தருகிறது.

ஏரி இன்னொரு கூட்டத்தையும் பிடித்து வைத்திருந்தது, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1967 ஜூன் 5 அன்று அரபு-இஸ்ரேல் போர் வெடித்துக் கால்வாய் மூடப்பட்டபோது, வடக்கே போய்க்கொண்டிருந்த 14 சரக்குக் கப்பல்கள் இந்த ஏரியில் மாட்டிக்கொண்டன. எட்டு வருடம்! பிரிட்டன், ஜெர்மனி, போலந்து, பல்கேரியா, அமெரிக்கா என்று பனிப்போரின் இரு பக்கத்தாரும் கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிவைத்து, 1968இல் தங்களுக்குள் ஒரு ஒலிம்பிக் நடத்தினார்கள், கையால் தபால்தலை வரைந்து ஒட்டினார்கள். பாலைவன மணல் படிந்து கப்பல்கள் பழுப்பேறியதால் மஞ்சள் கப்பற்படை என்று பெயர். 1975இல் சொந்த இன்ஜினில் ஊர் போய்ச் சேர்ந்தவை இரண்டு ஜெர்மன் கப்பல்கள் மட்டுமே. 2021இல் கால்வாயை அடைத்துக்கொண்ட எவர் கிவன் கப்பல், 25 இந்திய மாலுமிகளோடு, மூன்று மாதத்துக்கு மேல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததும் இதே ஏரியில்தான்.

இப்போது ஆய்வாளர்கள் ஒரு யோசனை சொல்கிறார்கள். கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் மிஞ்சும் அடர்ந்த உப்புநீரைக் கொண்டுவந்து கசப்பு ஏரியில் விட்டால், கரைந்துபோன பழைய கதவை மறுபடி நிறுத்த முடியுமாம். ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்க் குடும்பம் குட்டியாகிவிட்ட பேத்தையை அது திரும்ப அழைத்து வராது, அது வேறு விஷயம்.