ஊத்துக் குப்பு திரும்பி வந்த கதை

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடமாக என்னுடையவள் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த, காமிக்ஸுக்காக நானே உருவாக்கிய ஊத்துக் குப்பு திரும்பி வந்துவிட்டாள். 96 பக்கத்தில் அவளுக்கென்றே ஒரு புத்தகம் தயாராகிறது. எழுத்து வேலை முடிந்துவிட்டது, படங்கள் பாதிக்கு மேல் வந்துவிட்டன. நடுவில் அவள் எங்கே போயிருந்தாள், எப்படி மீண்டாள் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். காமிக்ஸ் எழுத வரும் தம்பி தங்கைகள் எனக்கு அனுப்பும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

குப்பு பத்து வயதுப் பெண். பாலாற்று மணலில் எங்கே பறித்தால் ஊத்து கிடைக்கும் என்று வெறுங்காலை வைத்தே சொல்லிவிடுவாள். அவளை நான் வானத்திலிருந்து பிடித்து வரவில்லை. என் பாட்டி ஊரில் சாயங்காலமானால் பெண்கள் குடத்தோடு ஆற்றில் இறங்குவார்கள். முழங்கை ஆழத்துக்கு மணலைப் பறித்துவிட்டுக் காத்திருப்பார்கள். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும், அதை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்ததும் சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். வேலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஆறு என்றால் மணல்தான், தண்ணீர் அதற்கு அடியில் இருக்கும் சமாச்சாரம்.

2014-இல் ஒரு சிறுவர் இதழுக்காக அவளை வைத்து எட்டு அத்தியாயம் எழுதினேன். அத்தியாயத்துக்கு நான்கு பக்கம், பக்கத்துக்கு 400 ரூபாய். மொத்தம் 12,800. கூடவே ஒரு கடிதம் வந்தது. அரைப் பக்கம்கூட இல்லை. 'மேற்படி படைப்பின் சகல உரிமைகளும் எங்கள் நிறுவனத்தையே சாரும்' என்று ஒரு வரி, கீழே கையெழுத்துப் போட இடம். போட்டேன். முதல் வேலை, அச்சில் வரப்போகிற சந்தோஷம், யார் படிப்பார்கள்? பணம் ஏழு மாதம் கழித்து வந்தது, அது தனிக்கதை.

2017-இல் அக்கா பையன் போனில் எண் கற்றுத்தரும் ஒரு செயலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் குப்பு. பாவாடை போய் கவுன் வந்திருந்தது. ஆனால் இடது புருவத்துக்கு மேலே நான் எழுதி, ஓவியர் வரைந்த அந்தத் தழும்பு அப்படியே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே ஆடினாள். என் பெயரும் இல்லை, ஓவியர் பெயரும் இல்லை. இதழ் நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டேன். "நீங்கதான் எழுதிக் கொடுத்துட்டீங்களே சார்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நானும் 'ஆமாம், கொடுத்துவிட்டேன்' என்று வைத்துவிட்டேன். அடுத்த ஐந்து வருடம் அவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

2022-இல் ஒரு பட்டா விஷயமாக சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துக்குப் போயிருந்தேன். வக்கீல் எங்கள் தெருக்காரர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பேச்சுவாக்கில் குப்புவைப் பற்றிச் சொன்னேன். கடிதத்தைக் காட்டு என்றார். போனில் படம் இருந்தது, காட்டினேன். இரண்டு முறை படித்தார். "இன்னாபா, இதுல எத்தினி வருஷம்னு எங்க போட்டுக்கீது?" என்றார்.

போடவில்லை. அங்கேதான் விஷயமே இருந்தது.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவில், உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால், கொடுத்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ள வேண்டும். 'சகல உரிமைகளும்' என்ற கம்பீரமான அந்த வரியில் காலமும் இல்லை, எல்லையும் இல்லை. கணக்குப்படி 2019-லேயே குப்பு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று வருடமாக வாசலில் நின்றுகொண்டிருந்தவளை நான்தான் உள்ளே கூப்பிடவில்லை. அந்தச் செயலியும் அதற்குள் காணாமல் போயிருந்தது, அதனால் வழக்கு வம்பு எதுவும் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் அண்ணன் சொன்னார், இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. உரிமையை விற்றுவிட்டாலும், 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளியைவிட்டுப் போவதில்லை. அதே சட்டத்தின் 57-ஆவது பிரிவு. அதாவது 2017-இல் நான் பேசாமல் போனை வைத்துவிட்டிருக்கக் கூடாது. பணம் கேட்க முடியாமல் போயிருக்கலாம், பெயர் போடச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.

பெயர் என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். இரும்புக்கை மாயாவியை எழுதியவர் யார்? 1972-இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே அதுதான். எங்கள் மாமா தலைமுறை பழைய புத்தகக் கடையில் தேடித் தேடிச் சேர்த்த புத்தகம். மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் கை மட்டும் தெரியும், உடல் மறைந்துவிடும் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். எழுதியவர் பெயர் கேட்டால் விழிப்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. 1962-இல் பிரிட்டனில் வேலியண்ட் என்ற வார இதழில் அது தொடங்கியபோதே பெயர் போடும் வழக்கம் அங்கே இல்லை. தொடங்கி எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோ. இதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பது வயது. உடலோடு சேர்த்து ஆசிரியரையும் மறைத்துவிட்டார்கள்.

சூப்பர்மேன் கதை இன்னும் மோசம். ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் 1938-இல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தொகையும் புத்தகத்தில் மீண்டும் பெயரும் கிடைத்தது 1975-இல், அதுவும் ஊரெல்லாம் பேசி நிறுவனத்துக்குத் தலைக்குனிவு ஆன பிறகு.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் எழுதியதற்கு முதல் சொந்தக்காரர் எழுத்தாளர்தான். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் நிறுவனத்துக்குப் போகும், அது வேறு. நாமாகக் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கொடுத்தால் ஒழிய உரிமை கைமாறாது. வாயால் 'சரிங்க சார்' என்று தலையாட்டியது செல்லாது. இன்னொரு நல்ல விஷயம்: வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில், வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். ராணிப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் ஸ்கிரிப்ட் ஒரு பதிப்பகத்தின் அலமாரியில் மூன்று வருடம் தூங்கியது. இதைச் சொன்னதும் அவர் தன் கடிதத்தைத் தேடி எடுத்தார். ஒரு வருட விஷயம் பற்றி அதில் எதுவும் இல்லை. போய் வாங்கி வந்துவிட்டார்.

ஆனால் சட்டம் காப்பாற்றுவது எழுதியதை மட்டும்தான். யோசனையை அல்ல. டீக்கடையில் நின்று 'ஒரு பொண்ணு சார், மணல்ல காலை வெச்சா தண்ணி இருக்கிற இடம் தெரியும்' என்று நீங்கள் சொன்னதை இன்னொருவர் தன் பாணியில் எழுதிவிட்டால் கேட்க வழியில்லை. காமிக்ஸில் இந்தச் சிக்கல் அதிகம், ஏனென்றால் எழுத்தாளர் என்ன எழுதுகிறார் என்பதே பலருக்குத் தெரியாது. படம் வரைவது ஓவியர், அப்படியானால் இவர் கதை சொல்லியிருப்பார் என்று நினைக்கிறார்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

பக்கம் 14. ஒரே கட்டம், முழுப் பக்கம். விடியற்காலை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை செந்தண்ணீர். குப்பு நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், இடுப்பில் காலிக் குடம். கால் விரல்கள் மணலைத் தேடுகின்றன, மணல் இல்லை. பேச்சு இல்லை.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, புதுப் புத்தகம் அதில்தான் தொடங்குகிறது. தண்ணீரைத் தேடியே பழகியவள் தண்ணீரைக் கண்டு மிரளுகிறாள். இந்தக் கட்டத்தை 13-ஆம் பக்கத்தில் வைத்தால் கெட்டுவிடும். ஒற்றைப்படைப் பக்கம் வலது கைப்பக்கம், புத்தகத்தை விரித்ததுமே கண்ணில் பட்டுவிடும். இரட்டைப்படைப் பக்கம் தாளைத் திருப்பினால்தான் தெரியும். அப்புறம் பேச்சு எழுதும் பலூனுக்குள் வார்த்தை எண்ணும் வேலை. 'பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று ஒரு சொல் எழுதினால் பலூன் குடத்தளவு வீங்கிவிடும், ஓவியரின் பாதி வானம் போய்விடும். 'பாக்குறாங்க' என்றால் அடங்கும். ஊர்ப் பேச்சுக்கு நான் வந்து சேர்ந்ததற்குப் பாதிக் காரணம் மொழிப்பற்று, மீதி இடப்பற்றாக்குறை. இந்த முடிவுகளெல்லாம் எழுத்தில் இருப்பதால்தான் ஸ்கிரிப்ட் ஒரு தனிப் படைப்பு. முழுதாக எழுதி, தேதியோடு உங்கள் மின்னஞ்சலில் போட்டு வைத்த பிறகு பதிப்பகத்தின் கதவைத் தட்டுங்கள். பதிவு செய்தால்தான் உரிமை என்றில்லை, எழுதிய கணமே வந்துவிடும். மனசு கேட்காவிட்டால் 500 ரூபாய் கட்டிப் பதிவும் செய்துகொள்ளலாம், தகராறு வந்தால் சான்றாக உதவும்.

ஓவியரோடும் கணக்கைப் பேசிக்கொள்ள வேண்டும். ஸ்கிரிப்ட் எனக்குச் சொந்தமானால் குப்புவின் முகம் அவருக்குச் சொந்தம். அவரும் அதே கடிதத்தில் 2014-இல் கையெழுத்துப் போட்டவர்தான், குடியாத்தத்தில் லுங்கி லேபிள் வரைந்துகொண்டே காமிக்ஸும் வரைபவர். கோர்ட்டிலிருந்து நேராகப் பஸ் பிடித்து அவர் வீட்டுக்குத்தான் போனேன். "நமக்குள்ள எதுக்குப்பா பத்திரம்" என்றார். நமக்குள் என்பதால்தான் எழுத வேண்டும் என்றேன். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டோம்: வருமானம் பாதிப் பாதி, இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில், ஒருவர் விலகினால் மற்றவர் தொடரலாமா, அப்போது என்ன பங்கு. கடைசி விஷயத்தைப் பேசுவதற்குத்தான் ஒரு பொழுது முழுக்கப் போனது. வீட்டம்மா இரண்டு தடவை டீ போட்டார்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினால், பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். சிலர் பிடிப்பார்கள், கட்ட மாட்டார்கள். ஸ்கிரிப்ட் கொடுத்த எத்தனை நாளில் பணம் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். 'புத்தகம் வெளியானதும்' என்ற சொற்றொடரை நம்பாதீர்கள், வெளியாகாமலே போகும் புத்தகங்கள் நிறைய.

அடுத்த வேலை 1806. வேலூர்க் கோட்டைப் புரட்சியை வைத்து 48 பக்கம். ஜூலை 10 விடியலுக்கு முன் தொடங்கி ஒரே நாளில் நசுக்கப்பட்டது. புதுத் தொப்பியும், நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் வந்த தடையும் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதில் ஏறினான். இதெல்லாம் யாரும் எழுதலாம், நடந்த வரலாற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. இன்னொருவர் தன் நாவலில் கற்பனையாகச் சேர்த்த காதலியையோ வசனத்தையோ எடுத்தால்தான் வம்பு. அதனால் நான் கதை சொல்லியாக ஒரு கட்டியங்காரனை வைத்திருக்கிறேன். திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் வருகிறவனைப் போலவே மேடையேறி, வருகிற ஒவ்வொருவனையும் 'யாரய்யா நீர்?' என்று கேட்பான், கில்லெஸ்பியையும் சேர்த்து. எங்கள் ஊர்க் கூத்துக்கும் காமிக்ஸில் கதைசொல்லி பேசும் தகவல் கட்டத்துக்கும் இவ்வளவு பொருத்தம் இருப்பதை எழுத உட்கார்ந்த பிறகுதான் கண்டேன்.

இதற்கு ஒரு பதிப்பகம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. இந்த முறை ஒன்பது பக்கம். நான்காவது பக்கத்தில் 'உலகம் முழுவதும், காலவரையின்றி, தற்போதுள்ள மற்றும் இனி வரவிருக்கும் அனைத்து ஊடகங்களிலும்' என்று இருக்கிறது. அரைப் பக்கக் கடிதம் எழுதிய காலம் போய்விட்டது, அவர்களும் சட்டம் படித்துவிட்டார்கள். ஒப்பந்தம் போடும் நாளில் புழக்கத்திலேயே இல்லாத ஊடகத்துக்கு உரிமை போக வேண்டுமானால் அதைக் குறிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனாலும் அந்த வரி நாளைக்கு எப்படியெல்லாம் வாசிக்கப்படும் என்று காத்திருந்து பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. அதைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் 'தமிழ், அச்சுப் புத்தகம் மட்டும், ஏழு ஆண்டு, இந்தியா. அனிமேஷன், திரைப்படம், பொம்மை சேராது' என்று எழுதிப் போன திங்கட்கிழமை திருப்பி அனுப்பினேன். கட்டியங்காரனுக்கு ஒரு தனி வரி போட்டிருக்கிறேன்: அவன் என்னுடையவன், அடுத்த புத்தகத்துக்கும் வேண்டும்.

இதுவரை பதில் இல்லை. 17-ஆம் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.