ஒரே பாசல் விதி, வழக்கமான வங்கிக்கும் இஸ்லாமிய வங்கிக்கும் ஒரே சுமை இல்லை

டெபாசிட் போட்ட எல்லோரும் ஒரே நாளில் பணத்தைக் கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது, பெரும்பகுதி கடனாக வெளியே போயிருக்கும். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வந்த பாசல் 3 விதிகள் (வங்கிகளுக்காகப் பாசல் குழு வகுத்த சர்வதேச விதிகள்) அதனால்தான் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்கின்றன. நெருக்கடி வந்தால் 30 நாளில் நிகரமாக எவ்வளவு வெளியேறுமோ, அந்த அளவுக்கு உடனே காசாக்கக்கூடிய சொத்து கையில் இருக்க வேண்டும். அப்புறம், ரிஸ்க்குக்கு ஏற்ப எடை போட்ட சொத்தில் (ரிஸ்க் கூடக் கூட அதிகமாகக் கணக்கிடப்படும் கடன், முதலீடு) குறைந்தது 8% நஷ்டத்தைத் தாங்கும் மூலதனம் வேண்டும், அதற்கு மேல் 2.5% கூடுதல் இருப்பு.

முதல் விதிக்கு வழக்கமான வங்கி அரசுப் பத்திரம் வாங்கி வைத்துவிடும், கொஞ்சமாவது வட்டி வரும். இஸ்லாமிய வங்கி ஷரியா என்ற இஸ்லாமியச் சட்டப்படி வட்டிப் பத்திரத்தைத் தொட முடியாது, ரொக்கமும் சுகுக்கும்தான் (வட்டிக்குப் பதில் சொத்தின் வருமானத்தில் பங்கு தரும் பத்திரம்) முக்கிய வழி. சுகுக் வாங்கியவர்களோ பெரும்பாலும் முதிர்வு வரை விற்பதில்லை. அதனால் சந்தையில் சுகுக் கிடைப்பது குறைவு, ரொக்கம் சும்மா கிடக்கிறது, லாபம் அடிவாங்குகிறது. ஷரியா வங்கிகளுக்கு மட்டும் சுகுக் போன்றவற்றை மாற்றாக ஏற்கலாம் என்று பாசல் குழுவே இடம் விட்டிருப்பது நியாயமான காரியம்.

மூலதன விதியில் நிலைமை தலைகீழ், இஸ்லாமிய வங்கிக்குச் சுமை குறையலாம். முதாரபா கணக்கில் பணம் போட்டவர் லாபத்தில் பங்கு பெறுவார், நஷ்டம் வந்தால் அதையும் ஏற்க வேண்டும். அவர் பணத்தில் வாங்கிய சொத்துக்கு வங்கி ஏன் மூலதனம் ஒதுக்க வேண்டும்? வங்கியின் மூலதனம் 10, எடை போட்ட சொத்து 100, அதில் 40 முதாரபா பணம் என்று வையுங்கள். அந்த 40-ஐ முழுக்கக் கழித்தால் மூலதன விகிதம் 16.7%, கழிக்காவிட்டால் 10%.

ஆனால் நடைமுறையில், பக்கத்து வங்கி அதிக வட்டி தந்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற பயத்தில் வங்கி தன் லாபத்தை விட்டுக்கொடுத்து அவருக்குத் தருகிறது. அப்படியானால் ரிஸ்க்கில் ஒரு பகுதி வங்கியின் தலையில்தானே? அந்தப் பகுதிக்குத்தான் ஆல்ஃபா என்று பெயர், அதைக் கண்காணிப்பு அமைப்பு நிர்ணயிக்கும். ஆல்ஃபா 0.3 என்றால் 40-இல் 12 திரும்பக் கணக்கில் சேரும், விகிதம் 13.9%.

இஸ்லாமிய வங்கியில் கணக்குத் திறக்கும் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். கர்து (வங்கிக்கு நீங்கள் தரும் வட்டியில்லாக் கடன்) என்றிருந்தால் அசலுக்கு வங்கி பொறுப்பு. முதாரபா என்றிருந்தால், வங்கியின் அலட்சியமோ முறைகேடோ இல்லாதவரை, நஷ்டம் உங்களுடையது.