ஹலோ சொன்ன பிறகு வரும் அந்த மௌனம்

"தெரியாத எண்ணிலிருந்து போன் வருகிறது. எடுத்து ஹலோ என்றால் எதிர்முனையில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே கட் ஆகிவிடுகிறது. யாராவது வேவு பார்க்கிறார்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இந்த மாதிரி அழைப்பை எடுத்தாலே வங்கிக் கணக்கு காலியாகிவிடும் என்று வாட்ஸப்பில் ஒரு புரளியும் சுற்றுகிறது. ஹலோ சொன்னதால் மட்டும் கணக்கிலிருந்து பணம் போய்விடாது. எண் புழக்கத்தில் இருக்கிறதா என்று மோசடிக்காரர்கள் சோதிப்பதும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பின்னால் இருப்பது கால் சென்டரில் உள்ள ஒரு டயலர், அதாவது எண்களைத் தானாகவே அழைக்கும் மென்பொருள். அது போட்ட கணக்கு உங்கள் விஷயத்தில் தப்பிவிட்டது, அவ்வளவே.

கால் சென்டரில் யாரும் எண்களை விரலால் அழுத்துவதில்லை. பட்டியலை எடுத்து டயலரே அழைக்கும். பிஸி, தவறான எண், யாரும் எடுக்கவில்லை என்பதையெல்லாம் அதுவே குறித்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடும். ஒருவர் எடுத்தால் மட்டும் ஏஜென்ட்டின் ஹெட்போனுக்கு இணைப்பு போகும். ஏஜென்ட் ஓய்வாக இருக்கும்போது ஒரே ஒரு எண்ணை அழைப்பது புரோகிரசிவ் டயலர். இதில் உங்களுக்குத் தொல்லை குறைவு, முதலாளிக்கு நஷ்டம். மூன்று பேரில் ஒருவர்தான் எடுக்கிறார் என்றால், ஏஜென்ட்டின் நேரம் மணியோசை கேட்பதிலேயே கரைந்துவிடும்.

அங்கேதான் பிரெடிக்டிவ் டயலர் வருகிறது. பத்திரிகை வைத்த எல்லோரும் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள் என்று தெரிந்து சமைக்கிற சமையல்காரரைப் போல, எல்லோரும் எடுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அது கூடுதலாக அழைக்கிறது. எவ்வளவு கூடுதல் என்பதில்தான் அழகே இருக்கிறது.

ஓர் உதாரணம். 20 ஏஜென்ட்டுகள், ஒரு பேச்சு சராசரியாக 3 நிமிடம். அப்படியானால் 9 நொடிக்கு ஒருவர் பேசி முடிப்பார். மணி அடித்து ஒருவர் எடுக்க 18 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் இரண்டு பேர் ஓய்வாகிவிடுவார்கள். ஆகவே இப்போது எல்லோருமே பேசிக்கொண்டிருந்தாலும் டயலர் காத்திருக்காது. இன்னும் ஓய்வாகாத அந்த இரண்டு பேருக்காக இப்போதே அழைக்கத் தொடங்கிவிடும். மூன்றில் ஒருவர் எடுப்பார் என்பதால் ஆறு எண்கள்.

சராசரிப்படி சரிதான். ஆனால் சராசரி என்பது ஒவ்வொரு முறையும் நடப்பது இல்லையே! ஆறு பேரில் மூன்றோ அதற்கு மேலோ எடுத்துவிட வாய்ப்பு எவ்வளவு? பிளஸ் டூ நிகழ்தகவுக் கணக்குதான்; போட்டுப் பார்த்தால் 729-இல் 233, அதாவது 32 சதவீதம். மூன்று முறைக்கு ஒரு முறை யாரோ ஒருவர் வெறும் காற்றிடம் ஹலோ சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆறை மூன்றாகக் குறைக்கலாம். அப்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் ஒருவர் அநாதையாவார். அதற்கு 27-இல் ஒரு வாய்ப்பு. அப்படியும் எடுத்தவர்களில் 3.7 சதவீதம் பேருக்குப் பேச ஆள் இருக்காது. இப்போது 20 ஏஜென்ட்டுகள் ஒரே நேரத்தில் ஓய்வாகப் போகிறார்கள் என்று வைத்து 50 எண்களை அழைத்துப் பாருங்கள். ஆளுக்கு இரண்டரை அழைப்பு வருகிறது, முன்னே ஒன்றரைதான். அநாதைகளோ 2 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறார்கள். துணிச்சல் கூடியிருக்கிறது, தவறு குறைந்திருக்கிறது. கூட்டம் பெரிதானால் தற்செயல்கள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. நான்கைந்து பேர் உள்ள அலுவலகத்துக்குப் பிரெடிக்டிவ் டயலரை விற்க வருகிறவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டவர் டென்மார்க்கின் அக்னர் கிராரப் எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனி இந்தக் கணித மனிதரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. தொலைபேசி அழைப்புகள் எப்படித் தற்செயலாக வந்து விழுகின்றன என்று 1909-இல் அவர் காட்டினார். எத்தனை லைன் வைத்தால் எத்தனை அழைப்பு தவறும் என்ற சூத்திரம் 1917-இல் வந்தது. நம் பொறியியல் கல்லூரிகளில் வரிசைக் கோட்பாடு என்ற பெயரில் இதன் வாரிசுகளை எம்/எம்/சி போன்ற குறியீட்டுப் பெயர்களோடு மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு கால் சென்டரைக் காட்டி நடத்தினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தெரியவில்லை. கணிதக்காரருக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கமும் நம் ஊர் கம்பெனிகளுக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.

சரி, கட் ஆகாமல், கொஞ்சம் மௌனத்துக்குப் பிறகு யாரோ பேசத் தொடங்குகிறார்களே, அது? அது வேறு விஷயம். எடுத்தது ஆளா, பதிவு செய்த குரலா என்று டயலர் காது கொடுத்துக் கேட்கிறது. சொல்லின் பொருள் அதற்குத் தேவையில்லை, நீளம் போதும். மனிதர் "ஹலோ" என்று சொல்லிவிட்டு நிறுத்துவார். இயந்திரம் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போகும். ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளில் வழக்கமாக வைத்திருக்கும் அளவு இது: பேச்சு ஒன்றரை நொடிக்கு மேல் நீண்டால் இயந்திரம், அதற்குள் முடிந்து 0.8 நொடி அமைதி வந்தால் மனிதர். நீங்கள் உணரும் மௌனத்தில் ஒரு பங்கு அந்த 0.8 நொடி. மீதி, இணைப்பை ஏஜென்ட்டுக்கு மாற்றும் நேரம்.

அமெரிக்காவில் விளம்பர அழைப்புகளுக்கான விதிப்படி, ஹலோ சொல்லி முடித்த 2 நொடிக்குள் ஆளை இணைக்க வேண்டும். இணைக்காமல் விட்டவை, எடுக்கப்பட்ட அழைப்புகளில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டயலரின் துணிச்சலுக்கு முதலாளிகள் போடும் கடிவாளம் பெரும்பாலும் இந்த 3-தான். நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகள் விளம்பர அழைப்புகளைக் கட்டுப்படுத்துகின்றன. அவற்றுக்கு 140 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து தொல்லை வந்தால் 1909-க்குப் புகார் செய்யலாம். எர்லாங்கின் ஆண்டும் இதுவும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான், ஜோசியம் பார்க்க வேண்டாம்.

கடைசியாக, கட் ஆன எண்ணிலிருந்து மறுபடி ஏன் வருகிறது என்ற கேள்வி. டயலரின் பார்வையில் உங்கள் எண்ணின் மதிப்பு இப்போது கூடிவிட்டது: இந்த நேரத்தில் இங்கே ஒரு மனிதர் போனை எடுக்கிறார். விட்டால் உடனே திரும்ப அழைக்கும். பிரிட்டனில் இதற்குத் தனி விதியே இருக்கிறது: அப்படிக் கைவிட்ட எண்ணை மறுபடி அழைப்பதென்றால் 72 மணி நேரம் பொறுக்க வேண்டும், இல்லையேல் பேசுவதற்கு ஒரு ஏஜென்ட்டைத் தயாராக உட்காரவைத்துவிட்டுத்தான் அழைக்க வேண்டும்.