மடத்தில் ஒளிந்திருந்த நகரம்

மியான்மரின் யாங்கோனில் (பழைய பெயர் ரங்கூன்) அனோரத்தா சாலைக் காளி கோயில் 1871இல் தமிழர்கள் கட்டியது. 1941 டிசம்பர் 23இல் ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. நம்மவர் உட்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரைக் காலி செய்தார்கள், பலர் நடந்தே. கோயில் இன்றும் நிற்கிறது. ஒருவேளை இடிந்திருந்தால்? "எங்க தாத்தா பார்த்திருக்கார்" என்ற பேச்சை வைத்து ஸ்தபதி ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. அவருக்கு அளவு வேண்டும்.

போலந்தின் வார்சா நகரத்துக்கு அந்த அளவு கிடைத்தது. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன்பே பழைய வீடுகளையும் தேவாலயங்களையும் அளந்து வரைந்துகொண்டிருந்தார்கள். பாடத்துக்கான பயிற்சிதான். அரசாங்கம் அளந்தால் அரண்மனையோடு நின்றுவிடும். மாணவர்களோ முட்டுச்சந்து வீட்டையும் விடமாட்டார்கள். அந்தத் துறையை வளர்த்த பேராசிரியர் ஆஸ்கர் சொஸ்னோவ்ஸ்கி 1939இல் ஜெர்மானியர்கள் வார்சாவை முற்றுகையிட்டபோது குண்டடிபட்டு இறந்தார். 1944இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து நகரம் எழுந்தது, அந்த எழுச்சிக்குப் பின் ஜெர்மானியர்கள் நகரத்தைத் திட்டமிட்டு இடித்தபோது, வரைபடங்களை வெளியே கடத்தி பியோத்ருகூஃப் ஊரில் ஒரு கிறிஸ்தவ மடத்தில் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் பழைய நகரம் அவற்றைப் பார்த்து எழுந்தது. 1980இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களும் உதவின, ஆனால் ஓவியர் அழகுக்காகக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பார். அளவு நாடா அப்படிச் செய்யாது.

நாடாவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நான்கு மூங்கில் குச்சிகளைச் சதுரமாகக் கட்டித் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி கட்டினால் அசையாது. பழைய கட்டடத்தில் அறைகள் பெரும்பாலும் சரியான மூலைமட்டத்தில் இருப்பதில்லை. நான்கு சுவர்களை மட்டும் அளந்தால் சாய்ந்த அறையும் நேரான அறையும் ஒரே கணக்காகத்தான் தெரியும். அதனால் மூலைக்கு மூலை குறுக்கேயும் அளப்பார்கள்.

இப்போது அந்த அளக்கும் வேலையில் பெரும்பகுதியைப் புகைப்படங்கள் செய்கின்றன. மூக்குக்கு முன்னால் விரலை நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடுங்கள். விரல் நகர்கிற மாதிரி தெரியும். விரல் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ, அவ்வளவு அதிகமாக நகரும். கணினி இதையே நூற்றுக்கணக்கான படங்களில் செய்கிறது. ஒரு சிலையின் மூக்கு நுனியைப் பல படங்களில் தேடி, அது எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. அதற்காகத்தான் ஓரடி நகர்ந்து அடுத்த படம், முந்தைய படத்தில் முக்கால்வாசி இதிலும் இருக்கும்படி. வெறும் சுண்ணாம்புச் சுவர் என்றால் கணினி திணறும், பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் இருக்காது. சிலைகள் நெருக்கியடித்து நிற்கும் நம் கோபுரம் அதற்குக் கொண்டாட்டம். குறுக்கே போகும் மின்கம்பிகளும் புறாக்களும்தான் தொல்லை.

எல்லாம் சரி, உருவம் வந்துவிடும். ஆனால் அது அறுபதடிக் கோபுரமா, கொலுப்படியில் வைக்கும் பொம்மையா என்று கணினிக்குத் தெரியாது. வாசற்படியில் ஒரு அளவு நாடாவை விரித்து, அதையும் சேர்த்து நாலு படம் எடுத்துவிடுங்கள்.