எதிர்முழக்கம்

"சார், கிணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி கேக்கு." பாளையங்கோட்டையில் புதுக் கான்கிரீட் வகுப்பறையில் கடைசி பெஞ்சுப் பையன் சொன்னது இது. சொல்வதெழுதுதலில் நான் சொன்ன 'வெள்ளம்' அவன் நோட்டில் 'வெல்லம்' ஆகியிருந்தது.

அவன் சொன்ன கிணற்றுச் சத்தத்துக்கு ஆங்கிலத்தில் 'ரிவெர்பரேஷன்' என்று பெயர். பலரும் எதிரொலி என்று எழுதிவிடுகிறார்கள், அது வேறு. எதிரொலி சற்றுப் பொறுத்துத் தனியாகத் திரும்பி வரும். அதற்குச் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வகுப்பறையில் ஏது அவ்வளவு தூரம்? இங்கே ஒலி சுவர், கூரை, தரை என்று மோதிக்கொண்டே இருக்க, முந்திய எழுத்தின் வால் அடுத்த எழுத்தின்மேல் விழுகிறது.

லத்தீனில் 'வெர்பெர்' என்றால் சாட்டை, பிரம்பு. திருப்பி அடிப்பதே ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள். வாத்தியார் வேலைக்கு ஏற்ற சொல்தான்! தமிழில் முழங்கு, முழவு வழியாக எதிர்முழக்கம். ஊர்வலக் கோஷம் ஞாபகம் வருவது ஒரு குறை. ஆனாலும் பாடநூலில் வேர்விட்ட சொல்லைப் பிடுங்க வேண்டாம்.

ஒலி நின்றபின் அதன் அளவு 60 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) தணிய ஆகும் நேரம் எதிர்முழக்க நேரம். ஹார்வர்டில் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தை 1895இல் அங்கே இயற்பியல் சொல்லிக்கொடுத்த வாலஸ் சபைனிடம் ஒப்படைத்தார்கள். இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி அளந்தவர், ஒலி உறிஞ்சலுக்கு அலகாக எடுத்துக்கொண்டது திறந்த ஜன்னலை. வெளியே போன ஒலி திரும்பாது அல்லவா? அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் நேரம் வரும்.

எங்கள் அறைக்குப் போட்டுப் பார்த்தேன். 7க்கு 6, உயரம் 3 மீட்டர். 126 கன மீட்டர். சிமெண்டுப் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 4 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் அளவுக்கு உறிஞ்சினால் அதிகம். ஆளில்லாமல் சாத்திக் கிடந்தால் 5 வினாடி. 6 சதுர மீட்டர் ஜன்னலைத் திறந்தால் 2. பிள்ளைகள் உட்கார்ந்தால் இன்னும் இறங்கும். வகுப்பறை ஒலிக்கான அமெரிக்காவின் 2002ஆம் ஆண்டுத் தரம், இந்த அளவு அறை காலியாக இருக்கும்போதே 0.6 வினாடியைத் தாண்டக்கூடாது என்கிறது. 2010இல் திருத்தியபோது, காது மந்தமான பிள்ளைகளுக்காக 0.3 வரை இறக்க வழியிருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். நம் இந்தியத் தரமான ஐஎஸ் 2526, 1963இல் வந்தது. அதன் கவனமெல்லாம் கலையரங்கிலும் மாநாட்டுக் கூடத்திலும்தான்.

ஜன்னலைத் திறந்தால் முழக்கம் வெளியே போகும், திருச்செந்தூர் பஸ்ஸின் ஹாரன் உள்ளே வரும். அதனால் பின்சுவரில் தென்னை நார்ப் பாய் அடிக்கலாம் என்றேன். "அடிங்க சார், பல்லிக்கு நல்ல வீடு" என்றார் வாட்ச்மேன்.