பரப்பிய சாமானுக்கு ஓர் ஐந்தொகை

செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானைப் பரப்பியிருக்கும் இடத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். வெள்ளி ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம், எவர்சில்வர், மங்குச் சாமான், பட்டு, இப்போது கூடவே ஏசியும் வாஷிங் மெஷினும் அட்டைப்பெட்டி பிரிக்காமல். வருகிற ஆச்சிமார் யாரும் குத்துவிளக்கு நின்று எரியுமா என்று கேட்பதில்லை. "வெள்ளி எத்தனை கிலோ வச்சிருக்காக?" என்பதுதான் கேள்வி. பதில் பொழுது சாய்வதற்குள் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

அங்கே பரப்பியிருப்பது பாத்திரமல்ல, விலை. பிறர் கண்ணில் படுவதற்கென்றே செய்யும் செலவைப் பற்றி அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899-லேயே எழுதிவிட்டார். விலை ஏற ஏற வாங்கும் ஆசையும் ஏறுகிற பொருள்களை இன்றும் அவர் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். இந்த வகைப் பொருளைப் பாதி விலைக்குக் கொடுத்தால் அதன் வேலையே கெட்டுப்போகும். எல்லாரும் வாங்க முடிந்ததை யாரிடம் காட்டுவது?

இப்படி வாங்குகிறவர்களை ஏமாளி என்று சொல்வது சுலபம், ஆனால் சரியில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் ஒருவரை நம்பிப் பணம் போடலாமா என்று அறிய இருந்த வழிகள் சொற்பம். பர்மாத் தேக்குத் தூணும் இத்தாலி மார்பிளும் பெல்ஜியம் கண்ணாடியும் "இந்த வீட்டுக்காரர் நிலைத்து நிற்பார்" என்று சொல்லாமல் சொல்லின. வீட்டு முகப்பே ஒருவகை ஜாமீன். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் வருமானம் அறுந்தது. பிறகு அங்கே நிலமும் தொழிலும் அரசுடைமையாயின. இங்கே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள், ஓடு மாற்ற ஆளில்லை. கழற்றிய தூணையும் நிலையையும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் இன்றும் பார்க்கலாம். அப்போதும் தேக்காவது மிஞ்சியது.

இன்று கடன் கொடுக்கும் வங்கி வாசலில் நிற்கும் காரைப் பார்ப்பதில்லை, பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்று காட்டும் சிபில் ஸ்கோரைப் பார்க்கிறது. அந்தக் காருக்கு வாங்கிய கடனும் அதில் தெரியும். காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது.

இருப்பும் கடனும் எழுதிப் பார்க்கும் ஐந்தொகை போட்டே தொழில் செய்த ஊர் இது. நாலு பேர் பார்க்கச் சபைக்காக வாங்கும் பொருளையும் அந்தக் கணக்கில் வையுங்கள். பத்துப் பவுன் வேலைப்பாட்டு ஆரம் என்று எடுத்துக்கொள்வோம். எடை 80 கிராம், சேதாரம் 18 சதவீதம். 14.4 கிராம் கூடி 94.4 ஆகிறது. அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. ஆக, நீங்கள் கொடுத்தது 97.2 கிராம் தங்கத்தின் விலை. மறுநாளே விற்கப் போனாலும் எடை போடுவது 80 கிராமுக்குத்தான். இரண்டு பவுனுக்கு மேல் காற்றில் போயிற்று. அதே எடையில், 8 சதவீதச் சேதாரத்தில் சாதாரணச் சங்கிலி எடுத்தால் கொடுப்பது 89 கிராம். இரண்டுக்கும் நடுவே ஒரு பவுன் வித்தியாசம். பந்தியில் எதிரே உட்காருகிறவருக்கு அந்த ஒரு பவுன் தெரியவே தெரியாது.

கல் வைத்த நகையென்றால் பில்லில் மொத்த எடையும் நிகர எடையும் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லுக்கும் அரக்குக்கும் தங்க விலை கொடுத்துவிட்டு, விற்கும்போது அவற்றைக் கழிக்கும்போதுதான் பலருக்கு விஷயம் புரிகிறது. 22 காரட்டைக் குறிக்கும் 916 முத்திரையோடு, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளமான ஹெச்யுஐடி இருக்கிறதா பாருங்கள். கடையிலேயே இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதை அடித்தால் தங்கத்தின் தரம் தெரிந்துவிடும். வைரத்தோடு வாங்கினால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: திரும்பக் கொடுத்தால் ரொக்கமா, அல்லது மாற்று நகை மட்டுமா? இரண்டுக்கும் கழிவு வேறு. வாய்வார்த்தை செல்லாது, பில்லில் எழுதி வாங்குங்கள். கல் ஆய்வகத்தில் வளர்த்ததா, சுரங்கத்தில் எடுத்ததா என்பதும் சான்றிதழில் இருக்க வேண்டும். ஆய்வக வைரத்தின் மறுவிற்பனை மதிப்பு மிகக் குறைவு. போட்டு அழகு பார்க்க வாங்கினால் அதில் தவறொன்றும் இல்லை, சொத்து என்று நினைத்து வாங்கினால்தான் தவறு.

கடன் வாங்கிச் சபை நிறைப்பது இதைவிட மோசம். "வருஷத்துக்கு 12 சதவீதம்தான்" என்று ஒரு லட்சம் கொடுப்பார்கள். ஃபிளாட் வட்டி என்றால் 24 மாதத்துக்கு 24,000 வட்டி, மாதத் தவணை 5,167. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தும் வட்டி முழு லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 21 சதவீதத்தைத் தாண்டும். வட்டியில்லாத் தவணை என்று போன் விற்கும் இடத்தில், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் பிராசஸிங் கட்டணமும் சேர்ந்ததுதான் வட்டி.

கடைக்காரரின் உத்தி பழையது. உட்காரவைத்து, காபி கொடுத்து, ஆக விலை உயர்ந்ததை முதலில் விரிப்பார். அதைப் பார்த்த கண்ணுக்கு அடுத்தது மலிவாகத் தெரியும், அது நீங்கள் நினைத்து வந்ததைவிட ஒன்றரை மடங்காக இருந்தாலும். தொகையை வீட்டில் வைத்தே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். சம்பந்தி வீட்டாரை அழைத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போகாதீர்கள். அங்கே யாராலும் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது.

உள்ளூர்ச் சரக்கும் இப்போது அந்தஸ்துப் பொருளாகிவிட்டது. நன்றாக உழைக்கும் என்று வீட்டில் உடுத்திய கண்டாங்கிச் சேலை 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியபின் விசைத்தறித் துணியும் அதே பெயரில் விற்கிறது. கரையோரத்தில் வரிசையாக ஊசித்துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். தறியில் துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் கட்டையின் தடம் அது. கைத்தறி முத்திரையையும் கேளுங்கள். தறிக்காரருக்குப் போகும் கூடுதல் விலையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கல்யாணத்துக்கு வந்தால், சாமான் பரப்புவதா வேண்டாமா என்பதைப் பேசி முடிக்கும் அன்றே இரு வீடும் தீர்மானிப்பது நல்லது. பத்திரிகை அடித்தபின் பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். பரப்பாமல் மிச்சமாகும் தொகையைப் பெண் பெயரிலேயே வைப்பு நிதியாகப் போடலாம். கேட்டு வாங்குவது வரதட்சணை, 1961-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேளாமல் கொடுக்கும் பரிசுக்கும் 1985-ம் ஆண்டு விதிகளின்படி பட்டியல் வேண்டும்: என்ன பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு, கீழே பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்து. சாமான் சிட்டை எழுதிப் பழகிய வீடுகளுக்கு இது புதிதல்ல. எழுதும்போது வாங்கும் விலைக்குப் பக்கத்தில், விற்றால் என்ன வரும் என்று இன்னொரு கட்டம் போட்டு உங்கள் பிரதியில் நிரப்பிப் பாருங்கள், சாமான் வாங்கக் கிளம்புவதற்கு முன்பாக.